இணையத்தளத்திற்குக் கால்கோள்: ஜாங்கோ சட்டகத்தை நிறுவும் முறை

அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றொரு நகரம் உண்டு. அந்நகரின் நாளிதழுக்கு 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்' என்று பெயர். 2003-ஆம் ஆண்டில் அவ்விதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹொலவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் நிரலாளர் இருவர் பணியாற்றி வந்தனர். செய்தித்தாள் அலுவலகத்தின் வேலை நாள்களை எண்ணிச் செய்யப்படுவதன்று. மணிகளை எண்ணிச் செய்யப்படுவது. காலையில் கேட்ட புதிய பக்கம் மாலைக்குள் வாசகர்முன் நிற்க வேண்டும். தேர்தல் முடிவாயினும், விளையாட்டுப் பட்டியலாயினும், இசை நிகழ்ச்சிகளின் குறிப்பாயினும், தரவைச் சேர்த்து வைத்தல், தேடி எடுத்தல், பக்கமாக்கிக் காட்டுதல், திருத்துவதற்கு வழி செய்தல் என்னும் நான்கு வேலைகளே மீண்டும் மீண்டும் வந்தன. ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாக எழுதுவதைவிட, எல்லாவற்றிற்கும் பொதுவானதைத் தனியே பிரித்து வைத்தால் என்ன என்ற எண்ணம் அவர்கட்குத் தோன்றியது. அவ்வாறு பிரித்து வைத்த பகுதியே பின்னர் 'ஜாங்கோ' என்னும் பெயர் பெற்றது.

2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அது கட்டற்ற உரிமத்தின்கீழ் உலகோர் அனைவருக்கும் வழங்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டில் அதனைப் பேணுவதற்கென ஓர் அறநிலையமும், 1.0 என்னும் முதல் நிறைபதிப்பும் தோன்றின. ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910-1953) என்னும் கித்தார் இசைக்கலைஞரின் பெயரே கருவிக்கு இடப்பட்டது. 1928-ஆம் ஆண்டில் தீ விபத்தொன்றில் இடக்கை சிதைந்த பின்னும், அக்கையின் இரண்டு விரல்களையே பெரிதும் கொண்டு தந்தி மீட்டிப் புகழ்பெற்றவர் அவர்.

செய்தித்தாளின் அவசரத்தில் பிறந்த இக்கருவி இன்று பள்ளியாசிரியரின் கைக்கும் எட்டுவதாகும். சொற்பட்டியல், நூலக அட்டவணை, மாணவர் கட்டுரைத் தொகுப்பு முதலியவற்றை இணையத்தில் ஏற்ற விழையும் ஆசிரியர் இதனை விலையின்றிப் பெறலாம். ஆயினும், இதனை நிறுவப் புகுவோர் முதல் நாளிலேயே இடறுவதுண்டு. அறிவுக்குறைவு அதற்குக் காரணம் அன்று. எதன்பின் எதைச் செய்வது என்னும் வரிசையும், ஏன் செய்கிறோம் என்னும் காரணமும் விளங்காமையே காரணம். அன்றியும், தமிழுக்கென்று முதல் நாளே செய்ய வேண்டிய சில ஏற்பாடுகள் உண்டு. அவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது, கூரை வேய்ந்தபின் அடித்தளம் தோண்டுவதை ஒக்கும்.

சட்டகம் என்பது யாது?

வாசகர் கேட்பதும் வழங்கி கொடுப்பதுமே இணையத்தளத்தின் இயக்கம். வாசகர் ஒரு முகவரியைத் தட்டுகிறார். வேண்டுகோள் வழங்கிக்குச் செல்கிறது. வழங்கி உரிய தரவைத் தேடி எடுத்துப் பக்கமாக அமைத்துத் திருப்பி அனுப்புகிறது. முகவரியைப் பிரித்தறிதல், தரவுத்தளத்தோடு பேசுதல், கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், தீயவர் புகுத்த முயலும் நிரலைத் தடுத்தல் ஆகியவை எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. தளத்திற்குத் தளம் வேறுபடுவது உள்ளடக்கமே.

பழைய அச்சுக்கூடத்தில் எழுத்துகளைக் கோத்து இறுக்கும் இரும்புச் சட்டம் எல்லாப் பக்கங்களுக்கும் ஒன்றே. அதனுள் அமையும் செய்திதான் நாள்தோறும் மாறும். அவ்விரும்புச் சட்டத்தின் நிலையில் இருப்பதே இணையச் சட்டகம். ஜாங்கோவில் மூன்று உறுப்புகள் தலையாயவை. தரவின் வடிவத்தை வரையறுப்பது 'மாதிரி'. வேண்டுகோளுக்கு எதைக் கொடுப்பது என முடிவு செய்வது 'காட்சி'. கொடுப்பதன் தோற்றத்தை அமைப்பது 'வார்ப்புரு'. இவற்றோடு, தரவைப் பதியவும் திருத்தவும் உதவும் நிருவாகப் பக்கம் ஒன்றும் உடன் கிடைக்கிறது. நிரல் அறியாத செய்தியாளர்கள் தாமே செய்தியை இடுவதற்கென எழுந்த அப்பக்கம், நிரல் அறியாத ஆசிரியர்க்கும் பெருந்துணையாகும்.

முதற்படி: பைத்தான்

ஜாங்கோ, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஆகவே, கணினியில் முதலில் இருக்க வேண்டியது பைத்தானே. நெதர்லாந்து நாட்டின் கைடோ வான் ராசம் என்பவர் 1989-ஆம் ஆண்டு இறுதியில் இதனை ஆக்கத் தொடங்கி, 1991-இல் வெளியிட்டார். 2008-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு தமிழர்க்குச் சிறப்பாக வேண்டுவது. அதில்தான் எல்லாச் சரங்களும் இயல்பாகவே யூனிகோடு எழுத்துகளாகக் கொள்ளப்பட்டன. இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு முடிவுற்றது. பழைய நூல்களில் இரண்டாம் பதிப்பிற்குரிய கட்டளைகள் இன்றும் காணப்படுகின்றன; அவற்றைப் பின்பற்றலாகாது.

விண்டோஸ் கணினியில் வழக்கமான நிறுவியைத் திறந்தவுடன், பைத்தானைப் 'பாத்' என்னும் தேடுபாதையில் சேர்க்கவா என்று கேட்கும் சிறு கட்டம் அடியில் தோன்றும். அதில் குறியிட மறந்தால், பைத்தான் கணினியில் இருந்தும் கட்டளைத்திரை அதனைக் காணாது. 'நிறுவினேன், ஆனால் இல்லை என்கிறதே' என்ற முறையீடு பெரும்பாலும் இக்கட்டத்தினின்றே எழுவது. லினக்ஸ் கணினிகளில் பைத்தான் பெரும்பாலும் முன்பே இருக்கும். எதுவாயினும், கட்டளைத்திரையில் பதிப்பெண்ணைக் கேட்டு விடை பெற்ற பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

ஈண்டுக் கட்டளைகளின் ஒலிப்பே தமிழில் தரப்படுகிறது. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில், சிற்றெழுத்தாகவே தட்டுதல் வேண்டும்.

இரண்டாம் படி: தனியறை

புதியோர் பலர் தாண்டிச் செல்லும் படி இது. ஒரு கணினியில் இரண்டு தளங்கள் உள்ளன எனக் கொள்வோர், ஒன்று ஜாங்கோவின் பழைய பதிப்பையும் மற்றொன்று புதிய பதிப்பையும் வேண்டி நிற்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பொது இடத்தைப் பகிர்ந்தால், ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றது முறியும். இரண்டு வகுப்புகள் ஒரே கரும்பலகையில் எழுதினால் விளையும் குழப்பம் போன்றது இது.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு திட்டத்திற்கும் தனியறை அமைத்துக் கொடுப்பதாகும். 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் 'வென்வ்' என்னும் கூறு இதற்கென உடன் வருகிறது. திட்டத்திற்கென ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதனுள் நின்று வென்வை இயக்கினால், பைத்தானுக்கு ஒரு தனி உறைவிடம் தோன்றும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் இக்கூறு தனிப்பொதியாக இருப்பதால் அதனை முன்கூட்டியே வருவித்துக் கொள்ள வேண்டும்.

உண்டாக்கினால் மட்டும் போதாது. உள்ளே நுழையவும் வேண்டும். விண்டோசில் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்னும் உட்கோப்புறையிலும், லினக்ஸ், மேக் கணினிகளில் 'பின்' என்னும் உட்கோப்புறையிலும் உள்ள 'ஆக்டிவேட்' கோப்பை இயக்கினால் நுழையலாம். கட்டளை வரியின் தொடக்கத்தில் அவ்வறையின் பெயர் பிறைக்குறிக்குள் தோன்றுவது நுழைந்தமைக்கு அடையாளம். கட்டளைத்திரையை மூடித் திறந்தால் மீண்டும் நுழைய வேண்டும். நேற்று இயங்கிய ஜாங்கோ இன்று காணவில்லை என்றால், ஜாங்கோ எங்கும் போய்விடவில்லை. ஆசிரியர்தாம் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார்.

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 12 முதலான சில இயங்குதளங்கள், தனியறைக்கு வெளியே பொதுவிடத்தில் பொதிகளை நிறுவ முயன்றால் மறுத்துவிடுகின்றன. இம்மறுப்பைப் பிழையென எண்ணி வலுக்கட்டாயமாக மீறுவோர் உளர். உண்மையில் அது காவலேயன்றிப் பிழையன்று. இயங்குதளம் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்தும் பைத்தானைக் காத்துக்கொள்கிறது.

மூன்றாம் படி: ஜாங்கோவை வருவித்தல்

தனியறைக்குள் நுழைந்தபின் 'பிப்' என்னும் கருவி ஜாங்கோவை இணையத்தினின்று கொணர்ந்து நிறுவும். பதிப்பெண் குறிப்பிடாது கேட்டால், அன்றைய நாளில் அக்கணினியின் பைத்தானுக்கு ஏற்ற மிகப் புதிய பதிப்பு வந்து சேரும். பைத்தான் பழையதாயின், அதற்கு ஒத்துவரும் பழைய ஜாங்கோவையே பிப் தேர்ந்துகொள்ளும்.

ஆகவே, எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை ஆசிரியரே முடிவு செய்தல் நன்று. ஜாங்கோவில் ஏறத்தாழ எட்டுத் திங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. புள்ளி இரண்டு என முடியும் பதிப்புகள் நீண்டகால ஆதரவு உடையவை; அவற்றிற்கு மூன்றாண்டு காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த 5.2 அத்தகையது. பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிற்பட்ட பதிப்பு அதற்கு வேண்டும். 2028-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை அதற்குத் திருத்தங்கள் உண்டு. ஓய்வு நேரத்தில் தளத்தைப் பேணும் ஆசிரியர்க்கு இத்தகைய பதிப்பே ஏற்றது.

நிறுவி முடிந்தவுடன் செய்யவேண்டிய சிறு வேலை ஒன்றுண்டு. அறையில் உள்ள பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் பட்டியலிடும்படி பிப்பைக் கேட்டு, அப்பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைத்தல் வேண்டும். 'ரெக்குவயர்மென்ட்ஸ்' என்று அக்கோப்பிற்குப் பெயரிடுவது வழக்கம். ஆசிரியர்கள் மாற்றலாகிச் செல்வது பள்ளிகளில் இயல்பு. தளத்தை அமைத்தவர் சென்றபின், வேறொரு கணினியில் அதனை மீண்டும் எழுப்ப வேண்டியவர்க்கு இச்சிறு கோப்பே வழிகாட்டி. இது இல்லாத காரணத்தால், பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த தொகுப்பு திறக்க வழியின்றிக் கிடக்க நேரிடும்.

நான்காம் படி: திட்டமும் செயலியும்

'ஜாங்கோ அட்மின்' என்னும் கட்டளைக்கு 'ஸ்டார்ட்ப்ராஜெக்ட்' என்ற ஏவலையும் திட்டத்தின் பெயரையும் கொடுத்தால், புதுத் தளத்தின் எலும்புக்கூடு உருவாகும். 'ஜாங்கோ' என்றோ 'டெஸ்ட்' என்றோ திட்டத்திற்குப் பெயரிடலாகாது. பைத்தானிலும் சட்டகத்திலும் அப்பெயர்கள் முன்பே உள்ளமையால் முரண்பாடு எழும். பெயரின் இடையே சிறுகோடு இடுவதும் ஆகாது.

எலும்புக்கூட்டில் 'மேனேஜ்' என்னும் கோப்பு ஏவலாள். இனி வரும் கட்டளைகள் எல்லாம் அதன் வழியே செல்லும். 'செட்டிங்ஸ்' கோப்பு அமைப்பு விதிகளைக் கொண்டது. 'யூஆர்எல்ஸ்' கோப்பு எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்னும் அட்டவணை. எஞ்சியவை தளத்தை வெளியுலகின் வழங்கியோடு இணைக்கும் வாயில்கள்.

மேனேஜ் கோப்பிற்கு 'ரன்சர்வர்' என்ற ஏவலைக் கொடுத்து, உலாவியில் 127.0.0.1 என்னும் எண்முகவரியை 8000 என்னும் துறையெண்ணோடு திறந்தால், ஏவுகணை ஒன்று மேலெழும் படத்துடன் வெற்றிச்செய்தி தோன்றும். அவ்வெண் அந்தக் கணினியையே குறிப்பதால், வெளியார் எவரும் அப்பக்கத்தைக் காண இயலாது. அதே வேளையில், செயற்படுத்தப்படாத மாற்றங்கள் 18 உள்ளன என்னும் எச்சரிக்கை கட்டளைத்திரையில் தோன்றக்கூடும். அது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பயனர் கணக்கு, நிருவாகப் பக்கம் முதலியவற்றிற்கான அட்டவணைகள் தரவுத்தளத்தில் இன்னும் கட்டப்படவில்லை என்பதே அதன் பொருள்.

திட்டம் என்பது முழுப் பள்ளி. செயலி என்பது அதனுள் ஒரு வகுப்பு. 'ஸ்டார்ட்ஆப்' என்ற ஏவலால் சொற்பட்டியலுக்கென ஒரு செயலியை உண்டாக்கி, அதன் பெயரைச் செட்டிங்ஸ் கோப்பில் நிறுவப்பட்ட செயலிகளின் வரிசையில் எழுத வேண்டும். வகுப்பறை கட்டியும் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாவிடில், மாற்றம் ஏதும் இல்லை என்றே ஜாங்கோ விடை கூறும்.

காலமும் மொழியும்

எதையும் பதிவதற்குமுன் செட்டிங்ஸ் கோப்பில் இரண்டு வரிகளைத் திருத்துதல் வேண்டும்.

முதலாவது கால மண்டலம். ஜாங்கோ இயல்பாக உலகப் பொதுநேரத்தைக் கொள்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு அதனினும் எட்டு மணி நேரம் முந்தியவை. கோலாலம்பூரில் திங்கட்கிழமை காலை 7 மணிக்குப் பதிந்த மாணவர் கட்டுரை, பொதுநேரத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு வந்ததாகக் காட்டப்படும். கெடு முடிந்தபின் வந்ததும் கெடுவிற்குள் வந்ததாகத் தோன்றும். 'ஏசியா' என்பதன்பின் சாய்கோடிட்டுக் 'கோலாலம்பூர்' அல்லது 'சிங்கப்பூர்' என்று எழுதினால் இக்குறை தீரும்.

இரண்டாவது மொழிக்குறி. அமெரிக்க ஆங்கிலத்திற்கான குறி இயல்பாக இருக்கும். அவ்விடத்தில் தமிழுக்குரிய 'டிஏ' என்னும் ஈரெழுத்துக் குறியை இட்டால், நிருவாகப் பக்கத்தின் சொற்களில் தொண்டர்கள் மொழிபெயர்த்தவை தமிழில் தோன்றும். மொழிபெயர்க்கப்படாத இடங்களில் ஆங்கிலமே நிற்கும்.

சொற்பட்டியல் உருவாதல்

இனி, செயலிக்குள் உள்ள 'மாடல்ஸ்' கோப்பில் தரவின் வடிவம் எழுதப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் சொல், பொருள், எடுத்துக்காட்டுத் தொடர், பதிந்த நாள் என நான்கு புலங்கள் உண்டெனக் கொள்ளலாம். அவற்றின் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதினும், திரையில் தோன்றும் தலைப்பைத் தமிழிலேயே கொடுக்க இயலும்.

வடிவம் எழுதியபின் இரண்டு ஏவல்கள் வேண்டும். 'மேக்மைக்ரேஷன்ஸ்' என்பது கட்டட வரைபடம் தீட்டுவது போன்றது. 'மைக்ரேட்' என்பது வரைபடத்தின்படி கட்டுவது. முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்தால் படம் மட்டுமே இருக்கும், சுவர் இராது. எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் இயல்பாகவே அமைவதால் அதனைத் தனியே நிறுவ வேண்டுவதில்லை. முழுத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும். வழங்கியை நிறுத்திவிட்டு அக்கோப்பைப் படியெடுத்து வைத்தால் அதுவே காப்பு.

அடுத்து, 'கிரியேட்சூப்பர்யூசர்' என்ற ஏவலால் தலைமைப் பயனர் ஒருவரை உண்டாக்க வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறைந்ததும், எண்களால் மட்டும் ஆனதும், பலரும் பயன்படுத்துவதும், பயனர் பெயரை ஒத்ததுமான கடவுச்சொல்லை ஜாங்கோ ஏற்கத் தயங்கி எச்சரிக்கும். பின்னர், செயலியின் 'அட்மின்' கோப்பில் சொல்மாதிரியைப் பதிவு செய்துவிட்டால், நிருவாகப் பக்கத்தினுள் நுழைந்து முதற்சொல்லைச் சேர்க்கலாம். பட்டியலில் சொல்லுக்கு மாறாக 'ஆப்ஜெக்ட் 1' என்பது போன்ற பெயர் தோன்றினால், அப்பதிவை எவ்வாறு அழைப்பது என்பதை மாதிரியில் சொல்லவில்லை என்பது பொருள். அதற்கெனச் சிறு செயற்கூறு ஒன்றை எழுதினால் சொல்லே பெயராகத் தோன்றும்.

தமிழெழுத்தும் கணினிக் கணக்கும்

இவ்வளவில் நிறுவும் வேலை முடிந்தது என எண்ணத் தோன்றும். ஆங்கிலத் தளத்திற்கு அது பொருந்தும். தமிழ்த் தளத்திற்கு இன்னும் நான்கு செய்திகள் உள.

1995-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையமேறியபோது, நா. கோவிந்தசாமி அவர்கள் தமிழுக்காக உழைத்தார். 1997-இல் அந்நகரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடியது. அக்காலத்தில் ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொரு கணினியில் படிக்க இயலாத குறியீடாக மாறிவிடுவதே பெருஞ்சிக்கலாக இருந்தது. யூனிகோடு அச்சிக்கலைத் தீர்த்தது. எழுத்து இன்று எங்கும் சரியாகத் தோன்றுகிறது. ஆனால், தோன்றுவது வேறு, எண்ணப்படுவதும் அடுக்கப்படுவதும் வேறு.

முதலாவது, எழுத்தெண்ணிக்கை. 'தமிழ்' என்பது மூன்றெழுத்துச் சொல் என்பது சிறுவரும் அறிந்தது. கணினியோ அதனை ஐந்தாக எண்ணும். மகரத்தின் இகரக்குறியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாதலின் என்க. 'திருவள்ளுவர்' என்னும் ஏழெழுத்துச் சொல் அவ்வாறே 12 ஆகிறது. சொல்லுக்குப் பத்தெழுத்து எல்லை போதும் என்று மாதிரியில் எழுதிய ஆசிரியர், திருவள்ளுவரைப் பதிய முயலும்போது மறுக்கப்படுவார். ஆகவே, எண்ணிய அளவினும் இரு மடங்குக்குக் குறையாத எல்லையைக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, பக்க முகவரி. தலைப்பினின்று முகவரியைத் தானே ஆக்கித் தரும் 'ஸ்லக்' என்னும் வசதி ஜாங்கோவில் உண்டு. இயல்பு நிலையில் அது ஆங்கில எழுத்தையன்றி வேறொன்றையும் ஏற்பதில்லை. தமிழ்ச்சொல்லைக் கொடுத்தால் வெறுமையே விடையாகும். யூனிகோடு எழுத்தை ஏற்கும்படி பணித்தாலும் குறை நீங்குவதில்லை. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தெனக் கொள்ளாது நீக்கிவிடும். 'தமிழ்' என்பது 'தமழ' ஆகும். மலை, மாலை, மூலை என்னும் மூன்று சொற்களும் 'மல' என்ற ஒரே முகவரியில் வந்து முட்டும். உயிர்மெய்யின் உயிரைப் பிரித்தெறிந்தால் சொல் எங்ஙனம் நிற்கும்? ஆதலின், தமிழ்ச் சொற்பட்டியலுக்கு ஒவ்வொரு பதிவுக்கும் தானே அமையும் வரிசையெண்ணையே முகவரியாகக் கொள்ளுதல் பாதுகாப்பானது.

மூன்றாவது, அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் தமிழெழுத்துகள் நெடுங்கணக்கின் வரிசையில் முற்றும் அமையவில்லை. அங்கே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்தின் பின்னும் நிற்கின்றன. மலை, மழை, மறை, மனை என்பதே தமிழ் முறை. எஸ்கியூலைட் அவற்றை மனை, மறை, மலை, மழை என்று அடுக்கும். பிழையாக அடுக்கிய அகரமுதலி மாணவனுக்குப் பிழையான நெடுங்கணக்கைக் கற்பிக்கும். திரையில் அச்சுப்போல் அழகாகத் தோன்றுவதால் அவன் அதனை ஐயுறவும் மாட்டான். சிறு பட்டியலாயின், நெடுங்கணக்கின் வரிசையைப் பைத்தானுக்குக் கற்பித்து அடுக்கச் செய்யலாம். பெரும்பட்டியலாயின், தொடக்கத்திலேயே போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தைத் தேர்ந்து, சொற்புலத்திற்குத் தமிழ் அடுக்குமுறையைக் குறிப்பிட்டுவிடலாம். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாங்கோ 3.2 முதல் இதனை மாதிரியிலேயே எழுத வழியுண்டு.

நான்காவது, தேடுதல். 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஒருவர் ஒருவகையாகப் பதிந்த 'கொடி' மற்றொருவர் வேறுவகையாகத் தேடும்போது கிட்டாது. பதியும்போதும் தேடும்போதும் சொல்லை ஒரே வடிவத்திற்குக் கொணரும் செயற்கூறு பைத்தானில் உண்டு. அதனை முதற்சொல் பதிவதற்கு முன்பே இணைத்துவிடுதல் வேண்டும். இரண்டாயிரம் சொற்கள் சேர்ந்தபின் திருத்தப் புகுவது பெருந்தொல்லை.

வெளியிடுமுன்

ரன்சர்வர் என்பது பயிற்சிக்களம். அதனையே உலகிற்குத் திறந்துவிடலாகாது. அதற்கெனத் தகுந்த வழங்கி நிரல்கள் உள. வெளியிடுமுன் மூன்றை நோக்க வேண்டும். பிழைதிருத்த நிலை அணைக்கப்பட வேண்டும். அணைக்காவிடில், பிழை நேரும்போது தளத்தின் உள்ளமைப்பே வழிப்போக்கர்க்கு விரித்துக் காட்டப்படும். செட்டிங்ஸ் கோப்பில் உள்ள மறைதிறவி புதியதாக மாற்றப்பட்டு, பிறர் காணாத இடத்தில் வைக்கப்பட வேண்டும். தளத்தின் உண்மைப் பெயர், அனுமதிக்கப்பட்ட பெயர்களின் வரிசையில் எழுதப்பட வேண்டும். எழுதாவிடில் எல்லா வேண்டுகோளும் மறுக்கப்படும். பிழைதிருத்த நிலை அணைந்தவுடன் பக்கத்தின் அழகமைப்பு மறைந்து வெறும் எழுத்தாகத் தோன்றினால், தோற்றக் கோப்புகளை ஒன்றுதிரட்டி வழங்கியிடம் ஒப்படைக்கவில்லை என்று உணர்க. 'செக்' என்ற ஏவலை 'டிப்ளாய்' என்ற குறிப்போடு கொடுத்தால், விடுபட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளை ஜாங்கோவே எடுத்துரைக்கும்.

லாரன்ஸ் நகரத்து நிரலாளர்கள் தம் மொழியின் தேவையை முன்வைத்தே இக்கருவியைச் செய்தனர். அதில் குற்றம் ஏதுமில்லை. அதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்தே இருக்கிறது. அதன் மொழிபெயர்ப்புப் பணியும் அவ்வாறே. நிருவாகப் பக்கத்தில் ஆங்கிலமாக எஞ்சி நிற்கும் சொற்களுக்குத் தமிழ் தேடித் தருவதற்கு நிரலாளரைவிடத் தமிழாசிரியரே தகுதி உடையவர். மலையும் மாலையும் மூலையும் ஒன்றாகக் கலந்துவிடும் இடத்தைக் கண்டு சொல்லவும் தமிழெழுத்தின் இயல்பை அறிந்தவரே வேண்டும். வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் பிறராயினும், அதில் குடியிருக்கப் போவது தமிழ். குடிபுகுமுன் வாயிலின் உயரத்தை அளந்து பார்ப்பது குடியிருப்போரின் கடமையாகும்.